ஒன்றரை முழ வேலியும் என் பிறந்த நாளும்

சிற்றம்பலத்தார் என் சாதகத்தை இரண்டு விரலால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

“பிள்ளை, பள்ளிக்கூடத்திலை சாதாரண தரம் சோதினை எடுக்கேக்கை உமக்கு என்ன வயசு?”

“பதினாறு, ஐயா.”

“உந்தச் சாதகத்தின்படி பதின்மூண்டெல்லோ வருது?”

பக்கத்தில் இருந்த அப்பா ஒரு முறை செருமினார். “அவள் சின்னனிலையே நல்ல கெட்டிக்காரி” என்றார்.

சிற்றம்பலத்தார் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் கல்விக் கந்தோரில் பெரிய கிளாக்கர். ஆனால் அதற்கு முன் அரைவாசி ஆயுளைக் கோட்டில், அதுதான் நீதிமன்றத்தில், கழித்தவர். கோடுகள் மூடிக் கிடந்த காலம் அது. பொய் கேட்கிற வேலை போனதும் ஆளைக் கொண்டுவந்து ஆசிரியர் நியமனப் பிரிவில் இருத்திவிட்டார்கள். பழக்கதோஷம் மட்டும் கூடவே வந்திருந்தது.

“ஐயா, எனக்கு உங்கடை மகளின்ரை கெட்டித்தனத்திலை சந்தேகமில்லை. வயசிலைதான் சந்தேகம்.”

நல்லூரில் ஒரு வாடகை வீட்டின் முன் விறாந்தையில்தான் அந்தக் கந்தோர் நடந்தது. மேசை என்பது யாரோ வெளிநாடு போனவரின் சாப்பாட்டு மேசை. முற்றத்து மாமரத்தின் கீழ் மண் மூட்டை அடுக்கிய பங்கர். எட்டு வருடம் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகக் கரும்பலகைச் சோக்கட்டி தின்ற எனக்கு, நிரந்தர நியமனம் கிடைக்கவிருந்தது. வயது முப்பத்தைந்துக்குக் குறைவு என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் உண்மையான வயது முப்பத்து மூன்று. சாதகத்தின்படி முப்பது. இரண்டும் வரம்புக்குள்தான். ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு வயது இருக்கக் கூடாதாம்.

“மாத முடிவுக்குள்ளை எந்த வயசு சரியெண்டு ஒரு ஒத்துறுதிச் சான்று கொண்டு வாரும். இல்லாட்டி உம்மடை பேர் லிஸ்டிலை இல்லை” என்றார் சிற்றம்பலத்தார்.

எதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “அம்மணி, நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் ஏதும் உண்டா?” என்று கேட்கிறார். நல்ல கேள்வி. ஆதாரத்தை நாங்கள் எப்படிப் பாதுகாக்கிற ஆட்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் வடக்கே, இராணுவ முகாமை அண்டியது. ஒரு நாள் விடியக் காலமை பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் வெளிக்கிட வேண்டும். என் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. இன்றைக்கும் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

அப்பா எடுத்தது தன் வேலி வழக்குக் காகிதக் கட்டை. சணல் கயிற்றால் கட்டி, எண்ணெய்ச் சீலையில் சுற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். பக்கத்து வளவுக் கண்மணி மாமி அப்பா மேல் போட்ட வழக்கு அது. அப்பா வென்ற வழக்கு. செல்லுக்குத் தப்பி ஓடுகிற மனிதன் முப்பது வருடத்துக்கு முந்திய தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அவன் எந்த ஊர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அம்மா எடுத்தது சாமித்தட்டில் இருந்த என் சாதகத்தை. நான் எடுத்தது மேசை மணிக்கூட்டை. அது ஓடாது. மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு என்னை மறைத்தால் நியாயமில்லை.

ஆக, சுன்னாகத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சாய்ப்புக் கொட்டிலில் வந்து குந்தியபோது எங்களிடம் இருந்தவை மூன்று: ஒரு தீர்ப்பு, ஒரு சாதகம், ஒரு செத்த மணிக்கூடு. நான் பிறந்த ஆஸ்பத்திரி, பிறப்பைப் பதிந்த கந்தோர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போய்விட்டன. கொழும்புக்குப் போய்ப் பத்திரத்தின் பிரதி எடுக்கலாம் என்றார்கள். போக பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டை எடுக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும்.

செவ்வாய் இடம்பெயர்ந்த கதை

சாதகம் எப்படி என்னை மூன்று வயது இளையவளாக்கியது என்று கேட்கிறீர்களா? எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய காலத்தில், அசல் சாதகத்தில் செவ்வாய் ஏழாம் வீட்டில் குந்தியிருந்தது. வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் எல்லாரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். அம்மா ஒரு சாத்திரியாரைப் பிடித்தார். அவர் செவ்வாயைக் கிளப்பி வேறு வீட்டில் இருத்தினார். செவ்வாய் அப்படி நகர வேண்டுமென்றால் பிறந்த வருடத்தையும் கொஞ்சம் நகர்த்த வேண்டுமாம். நகர்த்தினார்.

ஒரு கிரகத்தையே இடம்பெயர்த்தும் எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அது வேறு கதை. அசல் சாதகத்தை அம்மா அடுப்பில் போட்டார். “பிழையான கையிலை அம்பிட்டிடும்” என்று பயந்தாராம். சரியான கையில் அகப்படாமல் போனதுதான் மிச்சம்.

ஒரு குடையும் மூன்று பேரும்

ஒத்துறுதிச் சான்று என்றதும் அப்பா சிரித்தார். “இவ்வளவுதானோ? ஒண்டுக்கு மூண்டு கொண்டு வாறன்.”

மறு கிழமை மூன்று பேரைக் கூட்டி வந்தார். பெரியப்பா, சித்தப்பா, அப்பாவோடு சீட்டு விளையாடுகிற ஒரு நண்பர். மூன்று பேரும் வெள்ளை வேட்டி, விபூதிப் பூச்சு. சிற்றம்பலத்தார் ஒவ்வொருவராக மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். விறாந்தையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“அண்டைக்கு நல்ல மழை, ஐயா. நான் குடையோடை ஆஸ்பத்திரி வாசல்லை நிண்டனான். நேர்ஸ் வந்து பொம்பிளைப் பிள்ளை எண்டு சொன்னவ” என்றார் பெரியப்பா.

சித்தப்பா போனார். நல்ல மழை. குடை. ஆஸ்பத்திரி வாசல். நேர்ஸ்.

நண்பர் போனார். அவருக்கும் மழை பெய்தது. அவரும் குடை பிடித்தார்.

“மூண்டு பேரும் ஒரே குடைக்குள்ளையோ, ஆளுக்கொரு குடையோ?” என்று கேட்டார் சிற்றம்பலத்தார்.

நண்பர் திடுக்கிட்டு விறாந்தைப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா முகட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வியை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. சிற்றம்பலத்தார் வந்து கதிரையில் இருந்தார். கோபப்படவில்லை. பழைய தொழிலின் ருசி திரும்பவும் நாக்கில் பட்ட சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது.

“பிள்ளை, இது மூண்டு சாட்சியில்லை. ஒரு சாட்சிக்கு மூண்டு வாய். கொப்பர் சொன்னதை இவை திருப்பிச் சொல்லுகினம். ஒத்துறுதி எண்டுறது அதில்லை. கொப்பரிட்டைக் கேளாமல், தனக்குத் தெரிஞ்சதைத் தானாச் சொல்லுற ஆள் வேணும். உங்களுக்கு நல்லது நினையாத ஆளெண்டால் இன்னும் திறம்.”

அப்போதுதான் அப்பா எண்ணெய்ச் சீலையை அவிழ்த்தார். கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, கோவில் பிரசாதம் போல இரண்டு கையாலும் நீட்டினார். அவர் கோட்டில் கொடுத்த வாக்குமூலம். நீதிமன்ற முத்திரையோடு, மங்கிய மையில் நான் பிறந்த திகதி. “மேற்படி திகதியில் என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தபடியால் விடிய முதல் பின்னேரம் வரை நான் ஆஸ்பத்திரியிலேயே நின்றேன். ஆகவே அன்று வேலியை நகர்த்தினேன் என்று வழக்காளி சொல்வது பொய்.”

சிற்றம்பலத்தாரின் கண் மின்னியது. தாளைத் தடவிக்கூடப் பார்த்தார்.

“நல்ல பேப்பர். ஆனாலும் இது உங்கடை வாய்தான், ஐயா. வழக்கிலை தப்பச் சொன்னது. இதுக்கும் ஒரு ஒத்துறுதி வேணும்.”

அம்மா வாய் திறந்தார்

வீடு திரும்பி நான் அழுதேன். எட்டு வருடம். குண்டு போடுகிற பொம்பர் வரும்போதெல்லாம் ஐம்பது பிள்ளைகளை வரிசையாகப் பங்கருக்குள் இறக்கி ஏற்றிய எட்டு வருடம், ஒரு குடையில் போய்விட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அப்பா கட்டை அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“கண்மணியிட்டைப் போ.”

“ஆரிட்டை?”

“கண்மணியிட்டை. நீ பிறந்த உடனை நேர்ஸுக்குப் பிறகு உன்னைத் தூக்கினது அவதான். எனக்குப் பிள்ளை பெத்த உடம்புக்கெண்டு சரக்குக் கறி காய்ச்சிக் கொண்டு வந்தவ.”

“அப்ப அப்பா எங்கை நிண்டவர்?”

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். வழக்கில் அம்மாவை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லையாம். பிள்ளை பெற்றுக் கிடந்தவளுக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்று தெரியாது என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டாராம். அம்மாவும் முப்பத்து மூன்று வருடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்பாவில் வந்த கோபத்தில் பாதி அன்று அம்மாவிலும் வந்தது.

கண்மணி மாமியும் எங்களைப் போல இடம்பெயர்ந்து, நல்லூரில் தங்கச்சி வீட்டில் இருந்தார். சைக்கிளில் போனேன். படலையைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

“ஆர் அனுப்பினது? உந்த மனிசனோ?”

“இல்லை மாமி. அம்மா.”

முழுக்கதையையும் சொன்னேன். மழை, குடை என்றதும் மாமி வெடித்தார்.

“மழையோ? கொளுத்தின வெய்யில்! மழைக்கை ஆரெடி வேலி அடைப்பான்? உந்தக் குடைக்காரர் மூண்டு பேரும்தான் அப்பவும் கோட்டிலை வந்து நிண்டவை. கொப்பரை ஆஸ்பத்திரியிலை கண்டதாம். நான் சரக்குக் கறியோடை மத்தியானம் வரைக்கும் அங்கை இருந்தனான். தேப்பனைக் காணேல்லை. பாவம், தோட்டத்திலை வேலையாக்கும் எண்டு நினைச்சன். வீட்டை வந்து பாத்தால் கதியால் தடியெல்லாம் புதுசா நட்டு, வேலி ஒண்டரை முழம் என்ரை வளவுக்குள்ளை வந்து நிக்குது. நான் உன்னைத் தூக்கி வைச்சுக் கொஞ்சின நேரத்திலை!”

மாமி கிட்ட வந்தார். என் பின்னலை ஒதுக்கி இடது காதுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு மச்சம் உண்டு. என் அம்மாவுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

“கிடக்கு” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “வந்து சொல்லுறன். ஆனால் கடிதம் தரமாட்டன். நேரை வந்துதான் சொல்லுவன். அந்த மனிசனும் அங்கை இருக்க வேணும்.”

பங்கருக்குள் ஒரு முழம்

கந்தோரில் ஒரு கையெழுத்து வைக்க இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். பாதி உண்மை. எங்கள் வீட்டில் அது பழக்கம்தான்.

விறாந்தையில் மாமியைக் கண்டதும் அப்பா திரும்பிப் போகப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றேன். மாமி சொல்லச் சொல்லச் சிற்றம்பலத்தார் எழுதினார். ஆஸ்பத்திரி, சரக்குக் கறி, வெய்யில், கதியால், ஒன்றரை முழம். ஒரு சொல்லையும் விடவில்லை. எழுதி முடித்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஐயா, பிள்ளை பிறந்தது, அண்டைக்குத்தான் வேலிப் பிரச்சினையும் நடந்தது, இது ரெண்டிலையும் நீங்கள் ரெண்டு பேரும் ஒத்து நிக்கிறியள். திகதி உங்கடை பேப்பரிலை கிடக்கு. இந்த அம்மாவுக்கு உங்களிலை ஒரு பட்சமுமில்லை. இதைவிடத் திறமான சான்று எனக்குக் கிடையாது. ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரியிலை நிண்டனான் எண்டுறியள். இந்த அம்மா உங்களைக் காணேல்லை எண்டுறா. இவ சொல்லுறது பொய் எண்டால் அவவின்ரை சாட்சியை நான் கிழிச்சுப் போட வேணும். மகளின்ரை அலுவலும் முடிஞ்சுது. ஆர் சொல்லுறது சரி?”

அப்பா வாயைத் திறக்கவும் பொம்பர் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் பங்கருக்கு ஓடினோம். சிற்றம்பலத்தார் ஃபைலோடு இறங்கினார். உள்ளே குனிந்துதான் இருக்கலாம். எனக்கு எதிரே அப்பாவும் மாமியும் அருகருகே நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பொம்பர் இரண்டு தரம் சுற்றியது. தூரத்தில் எங்கோ போட்டது. மண் மூட்டையிலிருந்து மணல் உதிர்ந்து மாமியின் தலையில் விழுந்தது.

“நான் கேட்டது கேட்டபடி நிக்குது, ஐயா” என்றார் சிற்றம்பலத்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு உதவி செய்யாமல் இருந்தேன். அந்தக் கட்டை அவர் அப்போதும் மடியில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் புராணம் போல வாசிப்பார். ஊரில் அவருக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்தக் கட்டில்தான் இருப்பதாக நம்பிய மனிதர்.

“அவ சொல்லுறது சரி” என்றார்.

மாமி மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

“நான் அண்டைக்குப் பின்னேரந்தான் ஆஸ்பத்திரிக்குப் போனனான். வேலியை நான்தான் தள்ளினனான்.” மடியிலிருந்த கட்டை இறுக்கிப் பிடித்தார். “ஆனால் ஒண்டரை முழம் இல்லை. ஒரு முழம்தான்.”

“ஒண்டரை!” என்றார் மாமி.

“ஒண்டு!”

“ஐயோ, பங்கருக்குள்ளை அளந்து காட்டட்டோ?”

சிற்றம்பலத்தார் பேனையை மூடினார். “இப்ப அந்த வேலி எங்கை நிக்குது?” என்று கேட்டார்.

வேலியும் வளவும் வீடும் முகாமுக்குள். அங்கே யார் நிற்கிறார்கள், என்ன நிற்கிறது, யாருக்கும் தெரியாது. ஒரு முழமா ஒன்றரையா என்று அளக்கப் போக யாராலும் முடியாது. மேலே சத்தம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஒருவரும் எழும்பவில்லை. அப்பா கையை நீட்டி மாமியின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிடப் போனார். மாமி அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தானே தட்டிக்கொண்டார்.

இணுவிலில்

அடுத்த மாதம் நியமனக் கடிதம் வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் படிப்பித்து, ஓய்வூதியமும் எடுக்கிறேன். என் சேவைக் கோப்பில் அந்த இரண்டு தாளும் இன்றும் இருக்கும். நான் பிறந்ததற்கு அந்தக் கோப்பில் இருக்கும் ஒரே அத்தாட்சி என் தகப்பன் செய்த களவுதான்.

ஆதாரம் கேட்ட வாசகருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கந்தோரிலிருந்து அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான்தான் மிதித்து வந்தேன். கரியரில் இருக்கிறவர் முகத்தை மிதிக்கிறவர் பார்க்க முடியாது. இணுவிலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“பிள்ளை.”

“ஓம் அப்பா.”

“ஒண்டரைதான்.”

சுன்னாகம் வரை நான் மிதித்துக்கொண்டே வந்தேன். ஊர் முழுக்க எழும்பி ஓடிய அடுத்த இடப்பெயர்வில் கண்மணி மாமி வன்னிப் பக்கம் போய் அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன். அப்பாவும் போய்விட்டார். அந்தச் சொல்லை மாமியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு நேரம் இருந்தது. நியமனம் கிடைத்த சந்தோஷத்தில் போகவில்லை. அது என் பிழை.

சைக்கிளில் அவர் சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான். சிற்றம்பலத்தார் இருந்தால் ஏற்கமாட்டார். மகளின் வாய் என்பார். ஆனால் வேலிக்கு எங்கள் பக்கம் உள்ள வளவு இப்போது என் பெயரில் இருக்கிறது. இந்தச் சாட்சியால் நட்டம் எனக்குத்தான். ஆகவே, கண்மணி மாமியின் பிள்ளைகளே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி: இராணுவம் அந்தக் காணியை விடுகிற நாளில் வந்து அளக்கும்போது, நூலை எங்கள் பக்கம் ஒன்றரை முழம் தள்ளிப் பிடியுங்கள். நான் கையெழுத்து வைக்கிறேன்.